சீரகம் மொளைக்குது ஆனா நிக்க மாட்டேங்குது, பொடியிலயும் வாசனை இல்ல, ஏன்?

இஞ்சிமரப்பா:

வணக்கம் எல்லாருக்கும். ரெண்டு சந்தேகம், ரெண்டுமே சீரகம் பத்திதான், அதனால ஒரே பதிவா போடறேன். தனித்தனியா போடணும்னா அட்மின் சொல்லுங்க, பிரிச்சுக்கறேன்.

முதல்ல செடி. சமையலுக்கு வாங்கின சீரகத்தையே கொஞ்சம் எடுத்து தொட்டில தூவி விட்டேன். பத்து நாள் மாதிரி ஒன்னுமே இல்ல, சரி செத்த விதை போலன்னு விட்டுட்டேன், அப்புறம் பாத்தா மெலிசா நூல் நூலா கெளம்பி வந்துடுச்சு. சந்தோஷம்தான். ஆனா நாலு விரக்கடை வந்ததும் அடித்தண்டு தண்ணி கோத்துக்கிட்ட மாதிரி மெலிஞ்சு ஒன்னொன்னா சாயுது, காலைல நல்லா நிக்கிறது சாயங்காலம் படுத்துருக்கு. தண்ணி ரெண்டு வேளையும் விடறேன், உரமும் போடறேன், நெழல்லதான் வச்சிருக்கேன். என்ன கொறை?

ரெண்டாவது பொடி. பாக்கெட்ல வர்ற சீரகப்பொடி பிரிச்ச புதுசுல ஓரளவு மணக்குது, கொஞ்ச நாள்ல எவ்வளவு போட்டாலும் ஏறவே மாட்டேங்குது. வறுத்து அரைன்னு ஒருத்தர் சொல்றாங்க, வறுத்தா சத்து போயிடும் பச்சையாவே அரைன்னு இன்னொருத்தர், எதுக்கு அரைக்கணும் முழுசா தாளிச்சா போதும்னு மூணாவது ஆள். எது எப்பன்னு காரணத்தோட சொன்னா புண்ணியமா போகும்.

மண்வெட்டி:

சாயுறது நாத்தழுகல் நண்பா. மண்ணுல இருக்கிற பித்தியம், ரைசோக்டோனியா மாதிரி பூஞ்சைங்க பண்ற வேலை. ஈரம் நின்னுக்கிட்டே இருந்தா, காத்தோட்டம் இல்லன்னா, நாத்து நெருக்கமா இருந்தா அதுங்களுக்கு கொண்டாட்டம். நீங்க சொன்ன மூணும், ரெண்டு வேளை தண்ணி, நெழல், உரம், மூணுமே சீரகத்துக்கு ஆகாதது.

இந்தச் செடியோட குணம் புரிஞ்சுக்கிட்டா மீதி எல்லாம் தானா வெளங்கும். இதோட பூர்வீகம் மத்திய தரைக்கடலோட கிழக்குப் பக்கமும் அதை ஒட்டின மேற்கு ஆசியாவும், அதாவது காஞ்ச காத்து, மிதமான குளிர், தண்ணி தேங்காத மண்ணு. இன்னைக்கு உலகத்துலயே அதிகமா வெளையுறது இந்தியாலதான், அதுலயும் பெரும்பகுதி குஜராத்தும் ராஜஸ்தானும். அங்க பனிக்காலப் பயிரா நவம்பர் வாக்குல விதைச்சு பிப்ரவரி மார்ச்ல அறுப்பாங்க, மொத்தம் 100லேர்ந்து 120 நாள். எதுக்கு குறிப்பா அந்த ரெண்டு மாநிலம்னா அந்த மாசங்கள்ல அங்க மழை கிட்டத்தட்ட கெடையாது, வெயில் இருக்கும் ஆனா சூடு இருக்காது. பூக்குற சமயத்துல ரெண்டு மூணு நாள் மேகம் மூடி காத்துல ஈரம் ஏறினாலே ஆல்டர்னேரியாங்கிற பூஞ்சையால கருகல் நோய் வந்து வயலே கருத்துப் போயிடும். சீரகம் போட்டவன் வானத்தையே பாத்துக்கிட்டு இருப்பான்னு சொல்றது மழைக்காக இல்ல, மழை வந்துடக் கூடாதேன்னு. இது போக மண்ணுல தங்குற ஃபியூசேரியம் வாடல் நோய் வேற, அதுக்காக ஒரே வயல்ல வருஷா வருஷம் போட மாட்டாங்க, மாத்திப் போடுவாங்க. வாடலைத் தாங்குற ரகமும் இருக்கு, குஜராத் சீரகம் 4ன்னு பேரு, சுருக்கமா ஜிசி 4ன்னு சொல்வாங்க.

இப்ப தொட்டிக்கு வருவோம். ஆழமான தொட்டி எடுங்க, அகலம் முக்கியமில்ல, இதுக்கு ஆணிவேர். அதனாலயே நாத்து விட்டு புடுங்கி நடுற வேலை வேண்டாம், வேர் அறுந்தா திரும்ப பிடிக்கிறது கஷ்டம், நேரா தொட்டிலயே விதைச்சுடுங்க. மண்ணுல பாதிக்கு பாதி மணல் கலந்தாலும் தப்பில்ல. விதையை ராத்திரி ஊறப்போட்டு காலைல நெழல்ல ஈரம் போக ஆறவிட்டு ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல போகாம போடுங்க, இது மெதுவா மொளைக்கிற சாதி, ஒரு வாரத்துலேர்ந்து ரெண்டு வாரம் ஆகும், அவசரப்பட்டு கிளறிடாதீங்க. மொளைச்சு கொஞ்சம் நிமிந்ததும் செடிக்கு செடி ஒரு பத்து சென்டிமீட்டர் இருக்கிற மாதிரி கலைச்சு விடுங்க. முழு வெயில். தண்ணி, மேல்மண் காஞ்சு வெரலை விட்டா உள்ளயும் லேசா காஞ்சிருக்குன்னு தெரிஞ்சா மட்டும், அதுவும் தொட்டி ஓரமா, தண்டுல படாம. தழைச்சத்து உரத்தை கண்ணுலயே காட்டாதீங்க, தளதளன்னு வந்து அசுவினிப் பூச்சிக்கும் பூஞ்சைக்கும்தான் சாப்பாடாகும்.

சூடும் புழுக்கமுமா இருக்கிற காலத்துல என்ன பண்ணினாலும் வராதுங்க, அதை மட்டும் இப்பவே சொல்லிடறேன். செடி வந்தாலும் பூ பிஞ்சா மாறாது. நல்லா வந்தாலும் ஒரு தொட்டிக்கு ரெண்டு மூணு ஸ்பூன் கெடைச்சா பெருசு. அழகுக்காக வளங்க, ஒன்னரை சாண் உயரத்துல குட்டிக் குடை மாதிரி வெள்ளையும் இளஞ்சிவப்புமா பூக்கும்.

வாணலிச்சூடு:

செடி பத்தி மண்வெட்டி அண்ணன் சொல்லிட்டார், நான் பொடிக்கு வர்றேன், ஏன்னா மூணு பேர் சொன்னதும் மூணு விதத்துல சரி, அதை யாரும் காரணத்தோட சொல்ல மாட்டேங்குறாங்க.

நாம விதைன்னு சொல்றது உண்மையில விதை இல்ல, காஞ்ச பழம். ரெண்டு பாதி ஒட்டிப் பொறந்து காஞ்சதும் பிரியுற பழம், கொத்தமல்லி, சோம்பு, ஓமம் எல்லாம் இதே கேரட் குடும்பம்தான், அதே அமைப்பு. ஒரு சீரகத்தை வெளிச்சத்துல வச்சுப் பாருங்க, நீளவாக்குல வரி வரியா மேடு தெரியும். அந்தத் தோலுக்கு அடியில நெடுக மெல்லிசா எண்ணெய்க் குழாய் ஓடுது. வாசனை முழுக்க அந்தக் குழாய்க்குள்ளதான் பூட்டி இருக்கு. மொத்த எடைல நூத்துக்கு ரெண்டுலேர்ந்து நாலு பங்குதான் அந்த எண்ணெய், அதுல முக்கியமான ஆளு குமினால்டிஹைடு, கூட பீட்டா பைனீன், காமா டெர்பினீன், பாரா சைமீன்னு சில பேர். எல்லாமே காத்துல பறக்குற சரக்கு.

முழுசா இருக்கிற வரைக்கும் குழாய் மூடி இருக்கு, காத்துப் புகாத டப்பால இருட்டுல வச்சா ஒரு வருஷத்துக்கு மேலயும் தாங்கும். அரைச்ச நிமிஷமே எல்லா குழாயும் ஒடைஞ்சு போச்சு. அதுக்கு மேல மிக்ஸி சூடு வேற, ஓட ஓட ஜாடி சுடும்ல, அந்தச் சூட்டுலயே ஒரு பங்கு பறந்துடும். மிக்ஸி மூடியைத் திறந்ததும் வீடெல்லாம் மணக்குதேன்னு சந்தோஷப்படறோம், அது பூரா பொடிலேர்ந்து போன மணம். இந்தச் சூட்டுக்கு பயந்துதான் திரவ நைட்ரஜன் ஊத்தி உறைய வச்சு அரைக்கிற முறையே கண்டுபிடிச்சாங்க. வீட்டுல அதெல்லாம் முடியாது, விட்டு விட்டு அரைங்க, கொஞ்சமா அரைங்க, முடிஞ்சா சின்ன உரல்ல நுணுக்குங்க. பாக்கெட் பொடி எப்ப அரைச்சதோ நமக்குத் தெரியாது, நம்ம கைக்கு வர்றப்பவே பாதி உசுரு போயிருக்கும்.

வறுக்கிறது பத்தி. வறுத்தா இருக்கிற வாசனை கூடுதுன்னு நெனைக்கிறோம், அப்படி இல்ல, வேற வாசனை உண்டாகுது. சூட்டுல அமினோ அமிலமும் சர்க்கரையும் சேர்ந்து பைரசீன்னு ஒரு கூட்டம் பொறக்கும், வறுத்த கடலை, காபிக்கொட்டைல வர்ற அதே வகையறா. அதே நேரத்துல அந்த எண்ணெய்ல இருக்கிற லேசான சரக்கு கொஞ்சம் ஆவியாகும். பச்சைச் சீரகத்துல இருக்கிற அந்த காரமான நெடி கொறைஞ்சு கமகமன்னு ஒரு ஆழம் வரும். அடுப்புல ஏறாத, மேலாகத் தூவுற பண்டத்துக்கு வறுத்த பொடிதான் சரி, பச்சைப் பொடி தூவினா நாக்குல கசப்பா நிக்கும். நெறைய நேரம் வேகப் போற பண்டத்துக்கு பச்சையா அரைச்சதே போதும், அது வேகுறப்ப அடங்கிடும். வறுக்கிறதுன்னா வெறும் சட்டி, சின்ன தீ, கை நிக்காம கெளறணும், நெறம் ஒரு படி இறங்கி மணம் மூக்கைத் தொட்டதும் உடனே வேற தட்டுல கொட்டிடணும், சட்டிலயே விட்டா அந்தச் சூட்டுலயே கருகும்.

தாளிப்பு மூணாவது கதை. குமினால்டிஹைடு எண்ணெய்ல கரையும், தண்ணில அவ்வளவா கரையாது. தண்ணில போட்டு கொதிக்க விட்டா ஆவியோட மேல போயிடுது, எண்ணெய்ல போட்டா எண்ணெய் புடிச்சு வச்சுக்கிட்டு பண்டம் முழுக்க கொண்டு போய் சேக்குது. கடுகும் சீரகமும் சேத்து தாளிக்கிறவங்க கடுகு முழுசா வெடிச்சு அடங்கினதுக்கு அப்புறம் தீயைக் கொறைச்சுட்டு சீரகம் போடுங்க, கடுகு வெடிக்க வேண்டிய சூட்டுல சீரகம் கண்ணு மூடித் திறக்குறதுக்குள்ள கருத்துடும். சீரகம் வெடிக்காது, நுரைச்சு பொரிஞ்சு லேசா உப்பி நெறம் மாறும், அவ்வளவுதான் அடையாளம். கருத்துப் போச்சுன்னா தயவு பண்ணி அந்த எண்ணெயைக் கொட்டிட்டு திரும்ப ஆரம்பிங்க, அந்தக் கசப்பு எதுலயும் மறையாது.

இஞ்சிமரப்பா:

ஆஹா, இவ்வளவு எதிர்பாக்கல. மண்வெட்டி அண்ணே, உரத்தை இன்னைக்கே நிறுத்தியாச்சு. வாணலிச்சூடு மேடம் (சார்?) அப்ப வறுத்து ஒரு டப்பா அரைச்சு வச்சுக்கிட்டா மாசக்கணக்குல ஓட்டலாமா? தெனமும் அரைக்க நேரமில்லங்க.

அரைப்படி:

நான் சொல்றேன், ஓட்டலாம். தெனமும் உரல எடுன்னு சொல்றதெல்லாம் வேலைக்குப் போற ஆளுக்கு நடக்குற காரியமா? முழுசா வறுத்து நல்லா ஆறினதும் முழுசாவே டப்பால போட்டு வைங்க, ஈரம் போயிருக்கும்ல, வேணும்ங்கிறப்ப உள்ளங்கைல வச்சு தேச்சாலே பொடியாயிடும். மிக்ஸி வேண்டாம் ஒன்னும் வேண்டாம்.

வாணலிச்சூடு:

அரைப்படி சொல்ற வழி பொடியா வைக்கிறதுக்கு நூறு மடங்கு தேவலாம், அதுல சண்டை இல்ல. ஆனா வறுத்ததுக்கு அப்புறம் அதுல இருக்கிற கொழுப்பு சீக்கிரம் சிக்கு வாடை அடிக்க ஆரம்பிக்கும், சீரகத்துல கொழுப்பு கணிசமா இருக்கு, எடைல அஞ்சுல ஒரு பங்குக்கு மேல. அதனால மாசக்கணக்குன்னு போகாதீங்க, ஒரு ரெண்டு வாரத்துக்கு ஆகுற அளவு வறுங்க. பச்சைச் சீரகம் முழுசா எவ்வளவு வேணா வாங்கி வைக்கலாம். அடுப்புக்கு மேல இருக்கிற அலமாரில மட்டும் வைக்காதீங்க, அங்கதான் எல்லாரும் வைக்கிறோம், ஆவியும் சூடும் அங்கதான் போகுது. மேடம்தான் :)

புதுவரவு22:

குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். கருஞ்சீரகமும் இதுவும் ஒரே செடியோட ரெண்டு நெறமா? ஷாஜீரான்னு ஒன்னு விக்குது அது எது? சீரகத் தண்ணி குடிச்சா எடை கொறையும்னு வர்ற வீடியோ எல்லாம் உண்மையா?

கொள்ளுப்பை:

கருஞ்சீரகம் சொந்தமே இல்ல. அதோட அறிவியல் பேரு நைஜெல்லா சட்டைவா, வேற குடும்பம், முக்கோணமா கருப்பா இருக்கும், ருசியும் வேற. ஷாஜீரா சொந்தக்காரன்தான், அதே கேரட் குடும்பம், ஆனா வேற செடி, கொஞ்சம் ஒல்லியா வளைஞ்சு கருத்த பழுப்பா இருக்கும். கேரவேங்கிற மசாலா இன்னொன்னு இருக்கு, பாத்தா சீரகம் மாதிரியே இருக்கும், ஆனா அதுல மெயின் சரக்கு கார்வோன், சீரகத்துல குமினால்டிஹைடு, அதனால ஒன்னுக்கு பதிலா ஒன்னு போட்டா பண்டமே வேறயா போயிடும். மோந்து பாத்தா சந்தேகமே வராது.

எடை விஷயம். 2014ல ஈரான்ல ஒரு ஆய்வு வந்துச்சு, எடை கூடின 88 பெண்கள், பாதிப் பேருக்கு தெனமும் 3 கிராம் சீரகப்பொடி தயிர்ல கலந்து மூணு மாசம், மீதிப் பேருக்கு சீரகம் இல்லாம வெறும் தயிர். சீரகக் கூட்டத்துக்கு எடை கொஞ்சம் கூடுதலா கொறைஞ்சுது. ஆனா பாருங்க, ரெண்டு கூட்டமுமே சாப்பாட்டு அளவைக் கொறைச்சுத்தான் இருந்தாங்க. வீடியோக்காரங்க அந்தப் பாதிய மட்டும் விழுங்கிடறாங்க. அதோட அவங்க குடுத்தது பொடி, ஊற வச்ச தண்ணி இல்ல, மேல வாணலிச்சூடு அக்கா சொன்ன மாதிரி அந்த வாசனை எண்ணெய் தண்ணில கரையுறதே கம்மி. புடிச்சா குடிங்க, தப்பில்ல, அதை நம்பி மீதி எல்லாத்தையும் இஷ்டத்துக்கு சாப்பிடாதீங்க.

இரும்புச்சத்து பத்தியும் இதே கதை. 100 கிராம்ல 66 மில்லிகிராம் இரும்புன்னு அட்டவணைல போட்டிருக்கும், பாத்தா கண்ணு விரியும். யாரு 100 கிராம் சீரகம் சாப்பிடப் போறா? ஒரு டீஸ்பூன் ரெண்டு கிராம் சொச்சம், அதுல ஒன்னே கால், ஒன்னரை மில்லிகிராம் கெடைக்கும், அதுலயும் தாவர இரும்பை உடம்பு எடுத்துக்கிறது கம்மி. சும்மா இல்ல, ஆனா மருந்தும் இல்ல.

அரைப்படி:

கலப்படம் பத்தியும் யாராவது சொல்லுங்கப்பா. புல்லு விதைக்கு கரித்தூள் பூசி விக்கிறாங்கன்னு படிச்சேன்.

கொள்ளுப்பை:

ஆமா, அது பழைய வித்தை. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே வீட்டுல பாக்க ஒரு வழி சொல்லிருக்கு, கொஞ்சம் சீரகத்தை ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவுல வச்சு நல்லா தேய்ங்க, கை கருப்பானா கலப்படம். நல்ல சீரகம் தேச்சா கைல வாசனைதான் ஒட்டும், மை ஒட்டாது.

பொடில கலப்படம் கண்டுபிடிக்கிறதுதான் கஷ்டம். 2014 கடைசிலயும் 2015லயும் அமெரிக்கால சீரகப்பொடில வேர்க்கடலை புரதம் இருக்குன்னு தெரிஞ்சு சீரகப்பொடி, அது சேர்ந்த மசாலான்னு நூத்துக்கணக்குல பொருளைத் திரும்ப எடுத்தாங்க. வேர்க்கடலை ஒத்துக்காதவங்களுக்கு அது உயிர் போற சமாச்சாரம், பாக்கெட் மேல ஒரு வார்த்தை இல்ல. அதே சமயத்துல பிரிட்டன்ல பாதாம் கலந்திருக்குன்னு சோதனைல வந்து திரும்ப எடுத்தாங்க, ஒரு பொருளை இன்னும் ஆழமா சோதிச்சப்ப அது பாதாமே இல்ல, மஹலெப்னு ஒரு காட்டுச் செர்ரிக் கொட்டை, பாதாமுக்கு சொந்தம்கிறதால சோதனையே ஏமாந்து போச்சு. வீட்டுல யாருக்காவது கடலை அலர்ஜி இருந்தா பொடியே வாங்காதீங்க, முழுசா வாங்கி நீங்களே அரைச்சுக்கங்க. வாசனைக்காக இல்லன்னாலும் இதுக்காகவாவது.

மண்வெட்டி:

இஞ்சிமரப்பா, மொளைக்க வைக்க ஒரு ரகசியம் சொல்ல மறந்துட்டேன். விதைக்கிறப்ப நல்லா கெட்ட கெட்ட வார்த்தைல திட்டணும். சும்மா சொல்லல, 2300 வருஷத்துக்கு முன்னாடி தியோபிராஸ்டஸ்னு ஒரு கிரேக்க ஆளு, தாவரவியலோட தகப்பன்னு சொல்வாங்க, சீரகம் விதைக்கிறப்ப சாபம் விட்டுக்கிட்டே விதைச்சா நல்லா வெளையும்னு ஜனங்க சொல்றாங்கன்னு எழுதி வச்சிருக்கார். அவங்க வயல்லயும் பாதி செத்துத்தான் போயிருக்கும்னு நெனைக்கிறேன், கடுப்புல திட்டிருப்பாங்க, அது சடங்காயிடுச்சு.

இஞ்சிமரப்பா:

அண்ணே திட்டுறதுக்கு நான் ரெடி :) அடுத்த குளிர்காலத்துல போடறேன். சரி ஒரு வேளை வெளைஞ்சுட்டா எப்ப அறுக்கணும், எப்படி பிரிக்கணும்? கலைச்சு எடுக்கிற நாத்தை சமையல்ல போடலாமா?

மண்வெட்டி:

செடி முக்கால்வாசி மஞ்சளாகி, காய் பச்சை போய் பழுப்புக்கு வந்ததும் அறுத்துடுங்க, முழுசா காயட்டும்னு விட்டா உதிந்துடும். தண்ணியை அதுக்கு முன்னாடியே நிறுத்திடணும். விடியக்காலைல பனி ஈரம் இருக்கிறப்ப அறுத்தா உதிராது. அப்படியே கட்டி தலைகீழா துணிப்பைக்குள்ள தொங்க விட்டு காய வைங்க. காஞ்சதும் மெல்லிசான குச்சியால தட்டுனாலே போதும், மிதிக்கிறது, உருட்டுறது வேண்டாம், நசுங்கும், அந்த வாசனைக் குழாய் அங்கயே ஒடைஞ்சுடும். விவிலியத்துல ஏசாயா 28ஆம் அதிகாரத்துலயே இருக்கு, சீரகத்து மேல வண்டிச் சக்கரத்தை ஓட்ட மாட்டாங்க கோலாலதான் அடிப்பாங்கன்னு, இன்னைக்கும் தொட்டிக்காரனுக்கு அதே முறைதான்.

நாத்து தாராளமா போடலாம், எலையும் சாப்பிடுறதுதான், அதே வாசனை கொஞ்சம் லேசா இருக்கும், இறக்கினதுக்கு அப்புறம் மேலாகக் கிள்ளிப் போடுங்க. சமையல் சீரகத்தை விதைச்சிருந்தா மட்டும் இது. விதைக்கடைல வாங்கினது சிவப்பு பச்சைன்னு சாயம் ஏத்தி இருந்தா அது பூஞ்சாணக்கொல்லி பூசினது, அந்த நாத்தை வாயில வைக்காதீங்க, கையையும் கழுவிடுங்க. சமையல் சீரகத்துலயும் நீராவில வேக வச்சு கிருமி நீக்கினதுன்னு போட்டிருந்தா அது மொளைக்கவே மொளைக்காது, பாத்து எடுங்க.